வாசகர் கேள்வி-பதில்: கேமரா எவ்வளவு சார்ஜ் இழுக்கிறது?

கேமரா பேட்டரி குறித்த கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரமாக எழுதியவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

ஐயா, பல ஆண்டுகளாக நிக்கான் டி850 கேமராவில் திருமணப் படங்கள் எடுத்துவந்த நான், அண்மையில் இசட்7 வாங்கினேன். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பேட்டரிதான். ஆனால் ஒரு முழு சார்ஜுக்கு டி850 கேமராவில் 1840 படங்கள் என்றும், இசட்7 கேமராவில் வியூஃபைண்டர் வழியாக 330 படங்கள் என்றும் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். முகூர்த்த நேரத்தில் புதிய கேமராவில் ஒரே பேட்டரியில் ஆயிரம் படங்களுக்கு மேல் எடுத்துவிடுகிறேன். அன்று மாலை வரவேற்பில் மேடையருகே காத்து நிற்கும்போதோ முந்நூறுகூடத் தேறுவதில்லை. எந்தக் கணக்கை நம்புவது?
– புகைப்படக்காரர், கும்பகோணம்

நீங்கள் கண்டது முழுக்கச் சரி. தயாரிப்பாளர் தரும் எண்ணிலும் பிழை இல்லை. அந்த எண் எப்படிப் பெறப்படுகிறது என்பது தெரிந்துவிட்டால் இரண்டும் பொருந்திவிடும்.

ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் அமைப்பான சி.ஐ.பி.ஏ., பேட்டரிச் செலவை அளப்பதற்கென்று டி.சி.-002 என்ற நெறிமுறையை 2003-இல் வெளியிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குச் சாதகமான முறையில் சோதித்து ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்ததால், இரண்டு கேமராக்களை ஒப்பிட வழியே இல்லாமல் இருந்தது. இந்த நெறிமுறையின்படி, ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 30 விநாடிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். கேமராவிலேயே ஃபிளாஷ் இருந்தால் ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு அதை முழு வலிமையில் எரியவிட வேண்டும். மோட்டாரில் இயங்கும் ஜூம் லென்ஸ் இருந்தால் படத்துக்குப் படம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்த வேண்டும். பத்துப் படங்களுக்கு ஒருமுறை கேமராவை அணைத்துப் பிறகு மீண்டும் இயக்க வேண்டும். பேட்டரி தீரும்வரை இப்படி எத்தனை படங்கள் எடுக்க முடிந்ததோ, அதுதான் விளம்பரத்தில் வரும் எண்.

இதில் 30 விநாடி இடைவெளிதான் உங்கள் கேள்விக்கான விடை. 330 படங்களை 30 விநாடியால் பெருக்கினால் 9900 விநாடிகள், அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். 1840 படங்களைப் பெருக்கினால் 15 மணி 20 நிமிடம். இரண்டு பேட்டரிகளின் மேலும் 14 வாட்-மணி என்றே அச்சிட்டிருக்கும். 14-ஐ 2.75-ஆல் வகுத்தால் இசட்7 சோதனை நேரம் முழுவதும் சராசரியாக 5.1 வாட் இழுத்திருக்கிறது என்பதும், 14-ஐ 15.33-ஆல் வகுத்தால் டி850 இழுத்தது 0.9 வாட்தான் என்பதும் தெரியவரும். ஒரு படத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், 14 வாட்-மணி என்பது 50,400 ஜூல். இசட்7 ஒரு படத்துக்கு ஏறத்தாழ 153 ஜூலும், டி850 ஏறத்தாழ 27 ஜூலும் செலவிட்டதாக ஆகிறது.

ஆனால் அந்த 153 ஜூலும் படம் எடுப்பதற்கே போனது என்று எண்ணிவிடக் கூடாது. படம் பதிவாகும் வேலை ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. மீதி இருபத்தொன்பது நொடியும் கேமரா காத்திருக்கிறது. டி850 காத்திருக்கும்போது, லென்ஸ் வழியாக வரும் ஒளி கண்ணாடியில் பட்டுப் பட்டகத்தின் வழியே உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒளிமானியும் சில சுற்றுகளும் மட்டுமே விழித்திருக்கின்றன. இசட்7 காத்திருக்கும்போதோ சென்சார் இடைவிடாமல் படித்துக்கொண்டிருக்கிறது, செயலி அதைப் படமாக்கிக்கொண்டிருக்கிறது, வியூஃபைண்டருக்குள் இருக்கும் சிறு திரை ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இந்தச் செலவு நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே இசட்7 போன்ற, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் பேட்டரி, எடுத்த படங்களின் எண்ணிக்கையைவிட, கேமரா விழித்திருந்த நேரத்தைப் பொறுத்தே தீர்கிறது. தாலி கட்டும் நேரத்தில் நொடிக்குப் பல படங்கள் எடுத்தீர்கள். ஒவ்வொன்றின் பங்குக்கும் மிகக் குறைந்த நேரமே விழுந்தது. வரவேற்பில் திரை எரிய, அடுத்த குடும்பம் மேடையேறும்வரை நின்றீர்கள். ஒரு படத்தின் தலையில் அரை நிமிடமோ அதற்கு மேலோ விழுந்தது. சி.ஐ.பி.ஏ. எண்ணை 30-ஆல் பெருக்கி 3600-ஆல் வகுத்து மணிக்கணக்காக மாற்றிக்கொண்டால், அது உங்கள் தொழிலுக்குப் பெரிதும் பயன்படும். வரவேற்பு நான்கு மணி நேரம் நடக்கும் என்றால், இரண்டே முக்கால் மணி நேரப் பேட்டரி எத்தனை வேண்டும் என்பதை மனத்திலேயே போட்டுவிடலாம்.

டி850 கேமராவில் ஃபிளாஷ் கிடையாது என்பதால் இந்த ஒப்பீடு தூய்மையானது. ஃபிளாஷ் உள்ள கேமராக்களில், சோதனையின் பாதிப் படங்களுக்கு அது எரிந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கேனான் 1500டி கேமராவுக்கு வியூஃபைண்டர் வழியாக 500 படங்கள் என்ற எண்ணில் 250 முறை ஃபிளாஷ் எரிந்த செலவும் அடங்கியிருக்கிறது. ஃபிளாஷே போடாதவருக்கு அந்தக் கேமரா அதைவிட நன்றாகவே உழைக்கும்.

நான் மின்னணுவியல் பாடத்தில் டிப்ளமோ படிக்கிறேன். என் டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள வகை) கேமரா எடுக்கும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் அளக்க முயன்றேன். பேட்டரி இருக்கும் இடத்தில் செருகி, வெளியிலிருந்து வயர் வழியாக மின்சாரம் தரும் டம்மி பேட்டரியின் ஒரு வயரை வெட்டி, இடையில் மீட்டரை 200 மில்லி ஆம்பியர் வீச்சில் வைத்து இணைத்தேன். கேமரா ஒரு கணம் உயிர்பெற்று உடனே அணைந்துவிட்டது. இரண்டாம் முறை மீட்டரே எதையும் காட்டவில்லை. கேமரா கெட்டுவிட்டதா?
– மாணவர், மதுரை

கேமரா கெடவில்லை, பெரும்பாலும் உங்கள் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ்தான் போயிருக்கும். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், அதே மதிப்புள்ள ஃபியூஸை வாங்கிப் போடுங்கள்.

மீட்டர் மின்னோட்டத்தை அளப்பது, தனக்குள் இருக்கும் ஒரு சிறு மின்தடையின் வழியாக அதைச் செலுத்தி, அங்கே விழும் மின்னழுத்தத்தைப் படிப்பதன் மூலம்தான். சாதாரண மீட்டர்களில் 200 மில்லி ஆம்பியர் வீச்சுக்கு இந்த மின்தடை ஏறத்தாழ 1 ஓம். அதோடு ஃபியூஸ், மெல்லிய வயர்கள் ஆகியவற்றின் தடையும் சேர்ந்துகொள்ளும். கேமரா இயங்கத் தொடங்கும் கணத்திலும், லென்ஸின் குவிய மோட்டார் சுழலும் கணத்திலும், மின்னோட்டம் சட்டென்று ஓர் ஆம்பியரையும் தாண்டக்கூடும். அப்போது 1 வோல்ட்டுக்கு மேல் மீட்டரிலேயே விழுந்துவிடும். கேமராவுக்குப் போய்ச்சேரும் மின்னழுத்தம் குறைந்ததைப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டதென்று அது தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. 10 ஆம்பியர் வீச்சில் அந்தத் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஒன்றரை ஆம்பியர் போனாலும் 15 மில்லி வோல்ட்தான் இழப்பு. சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகி, தடித்த, நீளம் குறைந்த வயர்களைப் பயன்படுத்துங்கள். விலை குறைந்த மீட்டர்களில் இந்தத் துளைக்கு ஃபியூஸே இருப்பதில்லை என்பதால், இந்த நிலையில் இரு முனைகளையும் தவறியும் பேட்டரியின் இரு துருவங்களில் வைத்துவிடாதீர்கள். அது நேரடிக் குறுக்கிணைப்பு; லித்தியம்-அயனி பேட்டரியில் அது தீ விபத்துவரை போகும்.

டம்மி பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. கேமரா பேட்டரிகளில் நேர், எதிர் முனைகளைத் தவிர வேறு தொடுமுனைகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலையையும் பேட்டரியின் அடையாளத்தையும் கேமரா அவற்றின் வழியாகத்தான் அறிகிறது. உங்கள் மாடலுக்கென்றே செய்த டம்மி பேட்டரியாக இருந்தால் இந்தத் தொல்லை வராது. மின்சாரம் தரும் மூலமாகச் சோதனைச்சாலையில் உள்ள மாற்றக்கூடிய பவர் சப்ளையை வைத்துக்கொள்ளலாம். 7.2 வோல்ட் என்று எழுதப்பட்ட பேட்டரிக்குள் இரண்டு செல்கள் தொடராக இருக்கின்றன. முழு சார்ஜில் அது 8.4 வோல்ட் தரும். நீங்கள் 7.4 முதல் 8 வோல்ட் வரை வைத்தால் போதும். மின்னோட்ட வரம்பை மட்டும் 3 ஆம்பியருக்குக் குறையாமல் வையுங்கள். இல்லாவிட்டால் தொடக்க இழுப்பிலேயே கேமரா மறுபடியும் அணைந்துவிடும்.

இணைத்த பிறகு மீட்டரைப் பொறுமையாகப் பாருங்கள். எனக்கு இதில் இன்றும் அலுப்புத் தட்டியதில்லை. சுவிட்சைப் போட்டவுடன் எண் துள்ளி ஏறி, பிறகு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானைப் பாதி அழுத்துங்கள். லென்ஸ் குவியம் தேடி முனகும்போது எண் ஏறும், குவியம் பிடித்ததும் இறங்கும். விரலை எடுத்தால் சில நொடிகள் அங்கேயே நின்று, ஒளிமானி உறங்கியதும் இன்னும் கீழே போகும். இப்போது, காட்சியைப் பின்திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவை இயக்கினால் கண்ணாடி தூக்கிக்கொள்ளும் ஓசை கேட்கும். எண் பல மடங்கு உயர்ந்து அங்கேயே தங்கிவிடும். திரையின் வெளிச்சத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்துப் பார்த்தால், ஒவ்வொரு படிக்கும் எத்தனை மில்லி ஆம்பியர் என்பதையே பிரித்தெடுத்துவிடலாம். வைஃபை, லென்ஸின் அதிர்வுத் தடுப்பு, வீடியோ ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே போட்டும் அணைத்தும் குறிப்பெடுங்கள்.

ஒரு நிலையில் மீட்டர் 0.25 ஆம்பியர் காட்டுகிறது, மின்னழுத்தம் 7.2 வோல்ட் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்க 1.8 வாட். 1500டி கேமராவின் எல்.பி.-இ10 பேட்டரி 860 மில்லி ஆம்பியர்-மணி, 6.4 வாட்-மணி, 6.4-ஐ 1.8-ஆல் வகுத்தால் அந்த நிலையில் கேமரா மூன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மின்னோட்டத்தோடு மின்னழுத்தத்தையும் கட்டாயம் அளந்து, வாட்டில் எழுதிவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமராவுக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்றுகள் தமக்குத் தேவையான திறனை எப்படியாவது எடுத்துக்கொள்ளும். பேட்டரி இறங்க இறங்க, அதே வேலைக்கு அவை கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 8.4 வோல்ட்டில் 0.21 ஆம்பியர் காட்டிய அதே கேமரா 6.8 வோல்ட்டில் 0.26 காட்டினால், கேமரா மாறவில்லை, திறனும் மாறவில்லை.

மல்டிமீட்டருக்கு ஒரு குறை உண்டு. நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அது எண்ணைப் புதுப்பிக்கிறது. ஷட்டர் இயங்கும் நூறில் சில பங்கு நொடியில் நடப்பதை அது காட்டாது. நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ உங்களுக்குப் பழக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஐ.என்.ஏ.219 சில்லு பொருத்திய சிறு பலகை கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அதிலுள்ள 0.1 ஓம் மின்தடையைக் கொண்டு 3.2 ஆம்பியர் வரை அளக்கலாம். மின்னழுத்தத்தையும் அதுவே படிக்கும். நொடிக்குச் சில நூறு அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கால இடைவெளியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால், ஒரு படத்துக்கு எத்தனை ஜூல் என்பது நேரடியாகவே கிடைக்கும். ஃபிளாஷின் செலவையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். ஏனென்றால் மின்சாரம் இழுக்கப்படுவது பளிச்சிடும் கணத்தில் அன்று, அதற்குப் பிந்திய சில நொடிகளில் மின்தேக்கி மீண்டும் நிரம்பும்போதுதான். 200 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு நிரம்பியிருந்தால் அதில் இருப்பது 9 ஜூல். அதை நிரப்பும் சுற்றின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது இன்னும் கூடுதலாக இருக்கும். ஃபிளாஷ் மின்தேக்கியை நேரடியாகத் தொட்டு அளக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். கேமராவைப் பிரித்தவர்களுக்கு அந்த 300 வோல்ட் கொடுக்கும் அடி எளிதானதன்று.

டம்மி பேட்டரி, பவர் சப்ளை எதுவும் என்னிடம் இல்லை. யு.எஸ்.பி. வயருக்கு நடுவே செருகும் சிறு மீட்டர் ஒன்று இருக்கிறது. அதை வைத்து அளக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

முடியும். ஆனால் எதை அளக்கிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். சில கேமராக்கள் யு.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் மட்டுமே ஏற்றும். அதுவும் அணைத்திருக்கும்போது மட்டும். வேறு சில, இயங்கும்போதும் யு.எஸ்.பி. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். உங்களுடையது இரண்டாம் வகை என்றால், முதலில் பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்துவிடுங்கள். பேட்டரி நிரம்பிய பிறகு மீட்டரில் தெரிவதைக் கேமராவின் செலவு என்று கொள்ளலாம். அதற்கு முன்பு தெரிவதில் பேட்டரிக்குள் போகும் சார்ஜும் கலந்திருக்கும். கேமராவை அணைத்த நிலையில் எண் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

முதல் வகை என்றால், வெளியே எடுத்துச் சென்று வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு வந்து, அதை மறுபடி நிரப்ப எத்தனை வாட்-மணி ஆனது என்று பாருங்கள். சார்ஜ் ஏற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால், இந்த எண் உண்மைச் செலவைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமையையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் ஒப்பிடுவதற்கு இது முற்றிலும் போதுமானது. மில்லி ஆம்பியர்-மணி என்ற எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். யு.எஸ்.பி. பக்கம் 5 வோல்ட் அல்லது 9 வோல்ட், பேட்டரி பக்கம் 7.2 வோல்ட், வோல்ட் வேறானால் அந்த எண்களை நேருக்கு நேர் வைக்க முடியாது. வாட்-மணி மட்டுமே இரு பக்கத்துக்கும் பொது.

அணைத்துப் பையில் வைத்த கேமராவை மூன்று வாரம் கழித்து எடுத்தால் பேட்டரி காலியாக இருக்கிறது. அணைத்த பிறகும் மின்சாரம் போகுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

மிகச் சிறிதளவு போகும். ஆனால் மூன்று வாரத்தில் காலியாகும் அளவுக்குப் போகக் கூடாது. 860 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து அணைத்த நிலையில் 1 மில்லி ஆம்பியர் போனால் ஏறத்தாழ 36 நாளில் தீரும், 0.05 மில்லி ஆம்பியர் போனால் இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் பிடிக்கும். உங்கள் கணக்குப்படி 1 மில்லி ஆம்பியருக்கும் மேலே ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் ஜி.பி.எஸ்., புளூடூத் அமைப்புகளைப் பாருங்கள். கேனான் 6டி கேமராவில் ஜி.பி.எஸ்.-ஐ இயக்கிவிட்டால், கேமராவை அணைத்த பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். அதன் கையேடே இதைச் சொல்கிறது. அவற்றை அணைத்தும் நிலைமை மாறாவிட்டால், பேட்டரியை வெளியே எடுத்து அதே மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். தனியாக வைத்தும் இறங்கினால் குறை பேட்டரியில், இறங்காவிட்டால் கேமராவில்.

கொடைக்கானலில் விடியற்காலையில் படம் எடுக்கப் போனேன். பாதி சார்ஜ் காட்டிய பேட்டரி திடீரென்று சிவப்புக்கு வந்து கேமரா அணைந்துவிட்டது. அறைக்குத் திரும்பிய பிறகு அதே பேட்டரியில் மேலும் நூறு படங்கள் எடுத்தேன். போன சார்ஜ் எப்படித் திரும்பி வந்தது?
– வாசகர், திண்டுக்கல்

சார்ஜ் எங்கும் போகவில்லை. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, அதன் உள் மின்தடை உயர்ந்துவிட்டது. சாதாரண வெப்பத்தில் உள் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், குவிய மோட்டார் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.3 வோல்ட் குறையும். குளிரில் அதே தடை 0.6 ஓம் ஆனால் 0.9 வோல்ட் குறைந்து, 7.2 வோல்ட் 6.3-க்கு வந்துவிடும். கேமரா பார்ப்பது அந்த 6.3-ஐத்தான். இழுப்பு கூடும் கணங்களில் இப்படிச் சரிந்து, ஒரு முறை எல்லையைத் தொட்டதும் அணைந்துவிடுகிறது. மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்து, மாற்றி மாற்றிப் போடுங்கள். சி.ஐ.பி.ஏ. சோதனை 23 டிகிரியில் நடப்பது என்பதை மலைக்குப் போகும்போது மறந்துவிடக் கூடாது.

கேமராவுடன் வந்த பேட்டரியில் 1800 மில்லி ஆம்பியர்-மணி என்று இருக்கிறது. இணையக் கடையில் அதே அளவுள்ள வேறு தயாரிப்பில் 3500 என்று போட்டு, பாதி விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? அந்த எண்ணைச் சரிபார்ப்பது எப்படி?
– வாசகர், சிங்கப்பூர்

1800 என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கேனானின் எல்.பி.-இ6 ஆக இருக்க வேண்டும். அந்தக் கூட்டின் வரலாறே உங்களுக்குப் பதில் சொல்லும். 2008-இல் 5டி மார்க் 2 கேமராவுடன் வந்தபோது அதன் கொள்ளளவு 1800. 2014-இல் வந்த எல்.பி.-இ6என் 1865. 2020-இல் ஆர்5 கேமராவுடன் வந்த எல்.பி.-இ6என்.ஹெச். 2130. உலகின் முன்னணிக் கேமரா நிறுவனம் ஒன்று அதே அளவுள்ள கூட்டுக்குள் 330 மில்லி ஆம்பியர்-மணியைக் கூடுதலாக அடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பாதி விலையில் 3500 என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தை நம்புவதற்கு இடமே இல்லை.

சரிபார்ப்பதற்குக் கேமராவையே சுமையாகப் பயன்படுத்துங்கள். தானாக அணையும் அமைப்பை நீக்கிவிட்டு, லைவ் வியூவில், ஒரே லென்ஸ், ஒரே வெளிச்ச அளவு, ஒரே அறை என்று எதையும் மாற்றாமல், முழுதாகச் சார்ஜ் செய்த அசல் பேட்டரி அணையும்வரை ஓடிய நேரத்தைக் குறியுங்கள். பிறகு புதியதை அப்படியே ஓடவிடுங்கள். அசல் மூன்று மணி நேரமும் மற்றது இரண்டரை மணி நேரமும் ஓடினால், அதன் உண்மைக் கொள்ளளவு 1800-இல் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 1500. அசல் பேட்டரி பழையதாக இருந்தால் இந்த ஒப்பீடு அதற்குப் பாதகமாகவே அமையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கொள்ளளவு மட்டும் போதாது என்பதற்கும் இதே வரிசையில் சான்று உண்டு. 2024-இல் ஆர்5 மார்க் 2 கேமராவுடன் வந்த எல்.பி.-இ6பி பேட்டரியின் கொள்ளளவு முந்தையதைப் போல 2130-தான். ஆனால் கூடுதல் மின்னோட்டத்தை ஒரே நேரத்தில் தர அதனால் முடியும். பழைய பேட்டரியைப் போட்டால் அந்தக் கேமராவில் சில வசதிகள் கிடைப்பதில்லை. விலை மலிந்த செல்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மெதுவாக இழுத்தால் ஓரளவு தாங்கும், பலமாக இழுத்தால் சரிந்துவிடும்.

பேட்டரி அடையாளத்தில் மூன்று கட்டம் வெகுநேரம் நிற்கிறது. பிறகு இரண்டும் ஒன்றும் நிமிடங்களில் போய்விடுகின்றன. ஏன்?
– வாசகர், ஈரோடு

லித்தியம்-அயனி செல்லின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் மிக மெதுவாகவே இறங்கும், கடைசியில் சரேலென்று விழும். மின்னழுத்தத்தை மட்டும் வைத்துக் கட்டம் போடும் எளிய கேமராக்களால் நடுப்பகுதியைச் சரியாகப் பிரிக்க முடிவதில்லை. போகும் மின்னோட்டத்தைக் கணக்கு வைக்கும் சில்லு பேட்டரிக்குள்ளேயே இருந்தால் சதவீதம் நம்பகமாக இருக்கும். அத்தகைய கேமராக்களின் மெனுவில் பேட்டரி விவரம் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிக்கானில் பேட்டரியின் முதுமையை 0 முதல் 4 வரை காட்டும்; 4 என்றால் மாற்ற வேண்டிய நேரம்.

விமானத்தில் எத்தனை மாற்றுப் பேட்டரிகள் கொண்டுபோகலாம் என்று கேட்டால் வாட்-மணி சொல்லச் சொல்கிறார்கள். என் பேட்டரியில் அது அழிந்துவிட்டது.
– வாசகி, கோலாலம்பூர்

வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். சோனி என்.பி.-எஃப்.இசட்100 பேட்டரிக்கு 7.2 பெருக்கல் 2.28, அதாவது 16.4. கையோடு எடுத்துச் செல்ல வழக்கமான வரம்பு ஒரு பேட்டரிக்கு 100 வாட்-மணி என்பதால் கேமரா பேட்டரிகள் அதற்கு வெகு கீழேதான் இருக்கும். எண்ணிக்கை வரம்பை உங்கள் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுப் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்து, முனைகளை மூடியாலோ ஒட்டுநாடாவாலோ மறைத்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மின்திறன் பாடத்தை ஒரு செயல்பாடாக நடத்த விரும்புகிறேன். பள்ளியில் ஒரு பழைய கேமரா இருக்கிறது. மீட்டர் எதுவும் இல்லாமல் செய்ய முடியுமா?
– ஆசிரியை, விருதுநகர்

கடிகாரமும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்-மணியை மாணவர்களையே படித்து எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பெறட்டும். முழு சார்ஜ் செய்த பேட்டரியைப் போட்டு, தானாக அணையும் அமைப்பை நீக்கி, திரையை எரியவிட்டு, கேமரா அணையும் நேரத்தைக் குறிக்கட்டும். வாட்-மணியை மணியால் வகுத்தால் திரையோடு காத்திருக்கும்போதான சராசரித் திறன் வாட்டில் கிடைக்கும். அடுத்த நாள் அதே கேமராவில், அதே திரை வெளிச்சத்தில், 30 விநாடிக்கு ஒரு படம் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கட்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் பொத்தானை அழுத்த, ஒருவர் எண்ணிக்கையை எழுத என்று முறை வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் திறனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 30-ஆல் பெருக்கினால், ஒரு படம் எடுக்கும் செயலுக்கு மட்டும் ஆன ஜூல் வந்துவிடும். அந்த எண் எவ்வளவு சிறியதாக வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

ஒருமுறை அளந்ததோடு விடாமல் ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். நோட்டின் மேல் வரியில் தேதியோடு வகுப்பறையின் வெப்பநிலையையும் எழுதிவைக்கட்டும். மே மாத விருதுநகரும் மார்கழி மாத விருதுநகரும் பேட்டரிக்கு ஒன்றல்ல.